பேசக் கேளாமல் வளர்ந்த பிள்ளை

2001-இல் வெளியான ‘மாக்கிங்பேர்ட் டோன்ட் சிங்’ என்ற அமெரிக்கப் படம், அறையில் அடைபட்டே வளர்ந்து, பதின்மூன்று வயதில் மீட்கப்பட்டுப் பேசக் கற்கும் சிறுமியைப் பற்றியது. ஹாரி பிராம்லி டேவன்போர்ட் இயக்கிய இப்படம் உண்மைச் சம்பவத்தைத் தழுவியது. ஆய்வாளர்கள் அச்சிறுமிக்கு வைத்த புனைபெயர் ஜீனி.

நடந்தது

1970 நவம்பரில், லாஸ் ஏஞ்சல்ஸை அடுத்த டெம்பிள் சிட்டியில், கண்பார்வை மங்கிய தாய் ஒருவர் உதவி கேட்டு அரசு அலுவலகத்துக்குச் சென்றார். உடன் வந்த சிறுமியின் கோலத்தைப் பார்த்து ஊழியர்கள் திடுக்கிட்டனர். ஆறேழு வயதுப் பிள்ளைபோல் இருந்த அவளுக்கு 13 வயது. எடை சுமார் 27 கிலோ. பகலில் மலம் கழிக்கும் நாற்காலியில் கட்டிப்போட்டு, இரவில் கம்பிவலைத் தொட்டிலில் அடைத்து வைத்தவர் தந்தை. சத்தம் எழுப்பினால் அடி விழும். அவளோடு பேசவும் வீட்டாருக்கு அனுமதியில்லை. அவளுக்கு உணவை மெல்லத் தெரியவில்லை. கைகளை முன்னால் மடக்கிக்கொண்டு முயல்போல் நடந்தாள்.

ஆபத்து

மொழி இயல்பாகக் கைவருவது பூப்பெய்தும் பருவத்துக்கு முன்புதான் என்று மொழி ஆய்வாளர் எரிக் லென்னபெர்க் 1967-இல் வாதிட்டார். ஜீனியோடு பல ஆண்டுகள் பழகி அவளது பேச்சைப் பதிவுசெய்த மொழியியலாளர் சூசன் கர்டிஸ் கண்டதும் அதற்கு நெருக்கமானதே. சொற்களை அவள் ஆசையோடு சேர்த்துக்கொண்டாள். அவற்றை அடுத்தடுத்து வைக்க முடிந்ததே தவிர, இலக்கணத்தால் கோக்க முடியவில்லை. கேள்வி வாக்கியம் கைகூடவே இல்லை. பட்டினியும் அடியும் மூளையைப் பாதித்திருக்கலாம் என்பதால், வயதை மட்டும் காரணமாக்க இயலாது.

ஆய்வு நிதி நின்றபின், 1975 முதல் அவள் வீடு வீடாக மாற்றப்பட்டாள். ஒரு வளர்ப்பு வீட்டில் வாந்தி எடுத்ததற்குத் தண்டனை பெற்றவள், வாயைத் திறக்கவே அஞ்சினாள். கற்ற பேச்சும் ஒடுங்கிப்போனது.

உரிமை

1989-இன் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, புறக்கணிப்பிலிருந்து பாதுகாப்பை 19-ஆம் பிரிவிலும், பாதிக்கப்பட்ட பிள்ளையின் மறுவாழ்வை 39-ஆம் பிரிவிலும் உறுதிசெய்கிறது. இந்தியா 1992-இல் இதை ஏற்றது. அமெரிக்கா கையெழுத்திட்டும் இன்னும் ஏற்புறுதி அளிக்கவில்லை. ஆனாலும் அந்நாட்டு மாநிலச் சட்டங்களின்படி, சந்தேகம் எழுந்தாலே புகார் செய்வது மருத்துவர், ஆசிரியர் போன்றோரின் கடமை. இந்தியாவில் தம் பொறுப்பிலுள்ள குழந்தையைத் துன்பத்துக்கு உள்ளாகும் வகையில் வேண்டுமென்றே புறக்கணிப்பது, 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-ஆம் பிரிவின்படி குற்றம்.

தீர்வு

பள்ளிக்கு அனுப்பப்படாத பிள்ளை, அக்கம்பக்கத்தார் கண்ணிலேயே படாத பிள்ளை, வயதுக்குப் பொருந்தாமல் மெலிந்த பிள்ளை ஆகியோர் கவனிக்கப்பட வேண்டியவர்கள். பேச்சுத் தாமதம் மட்டுமே புறக்கணிப்புக்குச் சான்றாகாது. அதற்கு முதலில் காது பரிசோதனையும் பேச்சுப் பயிற்சியாளரின் ஆலோசனையும் தேவை. புறக்கணிப்பு என்ற ஐயம் வந்தால் ஆதாரம் தேடிக் காத்திராமல், இந்தியாவில் 1098, இலங்கையில் 1929 என்ற இலவச எண்ணை அழைக்கலாம். மீட்டபின் அந்தப் பிள்ளைக்கு மருத்துவமும் பயிற்சியும் தொடர வேண்டும். தினமும் பேசிப் பழகும், அடிக்கடி மாறாத ஒரு பராமரிப்பாளரும் வேண்டும். ஜீனிக்கு இறுதியில் கிடைக்காமல் போனது இதுவே.