பத்து நிமிட ஆலோசகர்

பிரிட்டனில் யுனிவர்சல் கிரெடிட் உதவித்தொகை வாங்கிக்கொண்டு வேலை தேடுபவர், வாரத்துக்கோ இருவாரத்துக்கோ ஒருமுறை அரசு வேலைவாய்ப்பு அலுவலகமான ஜாப்சென்டருக்குப் போய்த் தன் ஆலோசகரை, அதாவது வொர்க் கோச்சைப் பார்க்க வேண்டும். வழக்கமான சந்திப்புக்குப் பத்து நிமிடம். எத்தனை இடத்துக்கு விண்ணப்பித்தீர்கள், யாராவது கூப்பிட்டார்களா என்று கேட்டுக் கணினியில் ஏற்றுவதற்குள் அடுத்த ஆள் வந்துவிடுவார். முதுகுவலி, பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைக்கும் நேரம், ஆறு மணிக்கு மேல் ஓடாத பஸ் என உண்மையில் வேலையைத் தடுப்பவை எதுவும் பேச்சில் வருவதில்லை. சொன்னபடி செய்யாதவரைப் பற்றி மேலே எழுதி அனுப்புவதும் அதே கோச்தான். தொகையை வெட்டுவது வேறோர் அதிகாரி என்றாலும், எதிரே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிந்த முகம் இவர் முகம்தானே!

கொரோனாவில் பயனாளிகள் 30 லட்சத்திலிருந்து ஓராண்டில் 60 லட்சமானபோது, அரசு 13,500 கோச்சுகளைப் புதிதாக எடுத்தது. பணமிருந்தால் ஆள் கிடைக்கும் என்பதற்கு அதுவே சாட்சி. அந்த வேகம் நீடிக்கவில்லை. 2024-25 நிதியாண்டின் முதல் பாதியில் தேவைக்கு 2,100 கோச்சுகள் குறைவு, அதாவது 11 சதவீதம் என்றது தேசியத் தணிக்கை அலுவலகம். பாதிக்கும் மேற்பட்ட ஜாப்சென்டர்கள், சுமை தாங்காமல் உதவியைக் குறைத்துக்கொண்டிருந்தன.

வேடிக்கை என்னவென்றால், வரிசையை நீட்டியதும் அதே அரசுதான். எவ்வளவு சம்பாதிக்கும்வரை கோச்சை அடிக்கடி பார்க்க வேண்டும் என்ற வருமான வரம்பை 2024 மே மாதம் மாதத்துக்கு 892 பவுண்டாக உயர்த்தினார்கள். அதற்குக் கீழே சம்பாதித்த பகுதிநேர ஊழியர்கள் பலரும் கோச்சின் மேசைக்கு வந்து சேர்ந்தார்கள். ஆணை போடச் செலவில்லை. மேசைக்கு ஆள் போடத்தான் செலவு.

அந்தச் செலவுக்குப் பலன் உண்டா என்பதற்கு ஜெர்மனியைப் பார்க்கலாம். அங்கே ஓர் ஆலோசகருக்கு 25 வயதுக்குட்பட்டவர்கள் 75 பேர், மற்றவர்கள் 150 பேர் என்ற வழிகாட்டு விகிதம் சட்டத்திலேயே இருக்கிறது. 2007இல் 14 வேலைவாய்ப்பு அலுவலகங்களில் இன்னும் இறங்கிப் பார்த்தார்கள்: சராசரியாக ஒருவருக்கு 40 பேர். வேலையில்லாமல் இருக்கும் காலம் சுருங்கியது. மிச்சமான உதவித்தொகை புதிய ஊழியர்களின் செலவை ஈடுகட்டியது. உள்ளூர் முதலாளிகளிடமிருந்து அதிகக் காலியிடங்களும் பதிவாயின. தொகையை வெட்டும் தண்டனைகளும் கூடின என்பதையும் மறைக்கக் கூடாது. நேரம் கிடைத்த ஆலோசகர் வேலையையும் கண்டுபிடிப்பார், குற்றத்தையும் கண்டுபிடிப்பார். எனவே பிரிட்டன் ஆட்களைக் கூட்டினால் மட்டும் போதாது. எழுதி அனுப்பும் வேலையைக் கோச்சிடமிருந்து பிரித்து எடுக்கவும் வேண்டும்.