தாய்மையின் பத்து மாதங்கள் (5): பொறுத்துக்கொள்ளச் சொல்லாதீர்கள்

பரந்தனிலிருந்து முல்லைத்தீவு நோக்கிச் செல்லும் ஏ-35 வீதியில், விசுவமடுவையும் மூங்கிலாற்றையும் கடந்த பின்னர், புதுக்குடியிருப்பை அடைவதற்கு முன்னர் எதிர்ப்படுகின்ற உடையார்கட்டு, தன் குளத்தையும் அதன் கீழுள்ள வயலையும் நம்பி வாழ்கின்ற ஒரு விவசாயக் கிராமம். அங்கே புதிதாகக் கருவுற்ற ஒரு பெண் காலையிலிருந்து இரவுவரை சத்தி எடுத்துப் படுத்த படுக்கையாகிவிட்டாள் என்றால், அயல்வீட்டு ஆச்சிமார் வேலிப்பொட்டுக்குள்ளால் எட்டிப் பார்த்துச் சொல்லும் முதல் ஆறுதல், வன்னியின் வேறெந்தக் கிராமத்திலும் சொல்லப்படுவதுதான்: "சத்தி எடுக்காத பிள்ளைத்தாய்ச்சி ஆர்? ரெண்டு மாசம் போகச் சரியாப் போயிடும் பிள்ளை, யோசியாதை." இந்த வாக்கியத்தில் அன்பும் அனுபவமும் நிறைந்திருக்கின்றன என்பதை நாம் மறுக்கவில்லை, நூறு பேரில் தொண்ணூற்றேழு பேருக்குக் குறையாமல் அது மெய்யாகவும் பலிக்கிறது. எஞ்சிய இரண்டொருவருக்கோ அது பொய்த்துப்போவது மட்டுமன்றி, சில வேளைகளில் பிராணாபத்தாகவும் முடியக்கூடும் என்பதே இந்த வாரம் நாம் எடுத்துக்கொண்ட விஷயம்.

சாதாரண மசக்கையின் இயல்பை முதலில் பார்த்துவிடுவோம். கருவுற்ற பெண்களில் நூற்றுக்கு எழுபது, எண்பது பேருக்கு ஏதோ ஓர் அளவில் குமட்டலோ வாந்தியோ உண்டாகிறது. நாள் தள்ளிப்போன ஒன்றிரண்டு வாரத்தில் தொடங்கி, ஒன்பதாம் வாரத்தையொட்டி உச்சத்தை அடைந்து, பன்னிரண்டு முதல் பதினாறாம் வாரத்துக்குள் பெரும்பாலோருக்கு அடங்கிவிடுகிறது. காலையில் மட்டும் வருவது என்ற எண்ணம் தவறு. அது எந்த வேளையிலும் வரும். சோற்றை வெறுத்து வேறு எதையோ நாடும் இந்த நிலையைத் தமிழர் நெடுங்காலமாக அறிவர். சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறையைப் பாடிய குறுங்கோழியூர் கிழார், அவனுடைய நாட்டு மண்ணைக் கர்ப்பிணிகள் ஆசைப்பட்டு உண்பதல்லாமல் பகைவர் எவரும் உண்ண இயலாது என்று வியந்த செய்தி புறநானூற்றின் 20ஆம் பாட்டில் இருக்கிறது. அரசனுடைய வீரத்தைப் புகழ வந்த புலவருக்குக்கூட உவமானமாய் வந்து உதவுமளவுக்கு மசக்கை நமக்குப் பரிச்சயமான பொருள். அந்தப் பரிச்சயமே அதன் கொடிய வடிவத்தை இனங்காணவிடாமல் நம் கண்ணை மறைத்துவிட்டது என்பது என் அபிப்பிராயம்.

அந்தக் கொடிய வடிவத்தை வைத்தியர்கள் ஹைப்பரெமெசிஸ் கிராவிடாரம் என்ற ஒரு தனி வியாதியாகவே கொள்கின்றனர். குடித்த தண்ணீர்கூட வயிற்றில் தங்காமல், நாளுக்குப் பல முறை சத்தி எடுத்து, கர்ப்பத்துக்கு முன்னிருந்த எடையில் நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல், அதாவது ஐம்பது கிலோ நிறையுள்ள பெண் இரண்டரைக் கிலோவுக்கு மேல், இழந்து, உணவின்மையால் உடல் தன் கொழுப்பையே எரிக்கத் தொடங்கிச் சிறுநீரில் கீற்றோன் தோன்றும் நிலை அது. ஆங்கில நாவலாசிரியை சார்லட் பிராண்டி 1854 ஜூனில் விவாகம் செய்து, கருவுற்று, ஓயாத குமட்டலாலும் வாந்தியாலும் மெலிந்து, 1855 மார்ச் 31இல் முப்பத்தெட்டு வயதில் மரணமடைந்தார். மரணப் பத்திரத்தில் எழுதப்பட்டது காசநோய் என்றாலும், அவரைக் கொன்றது இந்த வியாதியே என்று கருதும் வைத்திய அறிஞர் பலர். ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்னர், 2012 டிசம்பரில், பிரித்தானிய இளவரசர் வில்லியமின் மனைவி கேதரின் இதே வியாதியுடன் இலண்டனில் ஆஸ்பத்திரியில் அனுமதிக்கப்பட்டபோதுதான் உலகத்துப் பத்திரிகைகள் இதன் பெயரைக் கற்றுக்கொண்டன. அரண்மனைக்கும் இது விலக்கல்ல என்று தெரிந்த பின்னர், குடிசையில் கிடப்பவளைப் பார்த்து "வேலைக்குக் கள்ளம்" என்று சொல்வதற்கு நாம் கூச வேண்டும்.

அப்படிச் சொன்னவர்கள் கிராமத்தவர் மட்டுமல்லர். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மேல்நாட்டு வைத்தியரிற் பலர், இப்பெண்கள் மனத்தின் ஆழத்தில் கர்ப்பத்தையோ கணவனையோ வெறுப்பதனாலேயே சத்தி எடுக்கின்றனர் என்று நம்பினர். உறவினரைக் காண விடாமல் தனியறையில் அடைத்து, சத்தி எடுக்கப் பாத்திரமும் கொடாமல் வைத்திருந்த ஆஸ்பத்திரிகளும் இருந்தன. கல்வியின் பெயரால் இழைக்கப்பட்ட இந்தக் கொடுமையை நினைக்கும்போது, நம் ஆச்சிமாரின் அறியாமை எவ்வளவோ தேவலை. பெண்களைக் காப்பாற்றியது அந்தத் தத்துவமன்று, நாளத்தின் வழியே ஏற்றப்பட்ட உப்புநீர். பிரித்தானியாவில் 1931க்கும் 1940க்கும் இடையில் பத்து இலட்சம் பிரசவங்களுக்கு 159 ஆக இருந்த இவ்வியாதியின் மரண விகிதம், 1951 முதல் 1960 வரையான காலத்தில் 3 ஆகக் குறைந்தது. சேலைன் ஏற்றும் வசதியுள்ள எந்த ஆஸ்பத்திரியிலும் இன்று செய்யக்கூடிய காரியம் அது.

மருந்தைப் பற்றிய பயம் ஒன்று தாய்மாரிடம் இருக்கிறது. அதற்கு நியாயமும் உண்டு. மேற்கு ஜெர்மனியில் 1957இல் விற்பனைக்கு வந்து, கர்ப்பிணிகளின் குமட்டலுக்கும் கொடுக்கப்பட்ட தலிடொமைட் என்னும் மருந்து, கைகால் குறுகிய பத்தாயிரத்துக்கு மேற்பட்ட சிசுக்களை உலகெங்கும் பிறப்பித்துவிட்டு, 1961 நவம்பரில் அங்கே மீட்டுக்கொள்ளப்பட்டது. அமெரிக்காவில் அதற்கு அனுமதி வழங்க மறுத்து நின்ற பிரான்சிஸ் கெல்சி என்ற பெண் அதிகாரியின் உறுதியை எத்தனை முறை போற்றினாலும் தகும். ஆனால் அந்தப் பயம் அளவுகடந்து போனதன் விளைவையும் சொல்லியாக வேண்டும். விற்றமின் பி6 உம் டொக்சிலமின் என்ற ஒவ்வாமை மருந்தும் சேர்ந்த, 1956 முதல் இலட்சக்கணக்கான பெண்கள் உட்கொண்ட ஒரு குளிகையை, வழக்குகளின் தொல்லை தாங்காமல் அதன் உற்பத்தியாளர் 1983இல் நிறுத்தினர். அது சிசுவுக்குத் தீங்கு செய்யவில்லை என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியபோதும், அதே சேர்க்கை அமெரிக்காவில் மறுபடி அனுமதி பெறுவதற்கு 2013 வரை காத்திருக்க நேர்ந்தது. இடைப்பட்ட முப்பது ஆண்டில் அங்கே பெண்கள் பட்ட பாட்டுக்குப் பயத்தைத் தவிர வேறு காரணமில்லை.

மூலகாரணம் என்ன என்ற வினாவுக்கு விடை கிடைத்தது அண்மையிலேதான். 1999இல் தானே இவ்வியாதிக்கு ஆளாகிப் பதினைந்தாம் வாரத்தில் கருவையும் இழந்த மார்லினா பெய்சோ என்னும் அமெரிக்க மரபணு விஞ்ஞானியும், கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் ஸ்டீபன் ஓராகிலியும், அவர்தம் கூட்டத்தாரும் 2023 டிசம்பரில் 'நேச்சர்' சஞ்சிகையில் வெளியிட்ட ஆய்வு, ஜிடிஎப்-15 என்ற ஹோர்மோனைச் சுட்டிக்காட்டியது. வளரும் கருவும் நஞ்சுக்கொடியும் இதனைத் தாயின் இரத்தத்தில் மிகுதியாகச் சுரக்கின்றன. அது மூளையின் அடித்தண்டிலுள்ள வாந்தி நிலையத்தைத் தூண்டுகிறது. கர்ப்பத்துக்கு முன்னர் இந்த ஹோர்மோன் உடலில் குறைவாக இருந்த பெண், பழக்கமில்லாத காரணத்தால், திடீரென்று ஏறும் அளவைத் தாங்கமாட்டாமல் அதிகம் துன்புறுகிறாள். முன்பே அது மிகுந்திருந்தவளோ அவ்வளவாக வருந்துவதில்லை. இந்த ஆய்வில் இலங்கை ஆய்வாளரும் பங்குகொண்டனர். தலசீமியா என்னும் பரம்பரை இரத்தநோயுள்ள, அதனால் எப்போதும் இந்த ஹோர்மோன் மிகுந்திருக்கின்ற பெண்களிடத்தில் மசக்கை மிகக் குறைவாக இருந்தது என்ற சான்று அவ்வாய்வின் முக்கியமான தூண்களில் ஒன்று. ஆகவே இது மனத்தின் கோளாறுமன்று, மாமியார்மேல் கொண்ட கோபமுமன்று.

இனி உடையார்கட்டுக்குத் திரும்புவோம். போரின் இறுதி மாதங்களில், 2009 ஜனவரி 21இல் அரசாங்கம் பாதுகாப்பு வலயமென்று அறிவித்த நிலப்பரப்புக்குள் இவ்வூரும் சுதந்திரபுரமும் வள்ளிபுனமும் அடங்கியிருந்தன. அந்த மாத இறுதிக்குள்ளேயே இங்கு இயங்கிய ஆஸ்பத்திரியின்மீது எறிகணைகள் வீழ்ந்தன. அந்நாட்களில் இரண்டாம், மூன்றாம் மாதக் கர்ப்பத்தோடு, பதுங்குகுழியின் புழுக்கத்தில், குடிநீருக்கே அலைந்துகொண்டு சத்தி எடுத்துக் கிடந்த பெண்களுக்கு எந்தப் பதிவேட்டிலும் இடமில்லை. அவர்களுக்கு இக்கட்டுரை சொல்லும் எந்த உபாயமும் உதவியிராது. பின்னர், இடம்பெயர்ந்தோர் தங்கவைக்கப்பட்ட மெனிக் பாம் முகாமிலிருந்து மீண்டுவந்து குடியேறியவர்களின் பிள்ளைகள் இன்று தாய்மாராகும் பருவத்தை அடைந்திருக்கின்றனர்; அவர்களுக்கு உதவும் உபாயங்கள் பல உண்டு.

முதலாவது வயிற்றை வெறுமையாக விடாதிருத்தல். மூன்று வேளை நிறைய உண்ணும் வழக்கத்தைத் தற்காலிகமாக மறந்து, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு முறை நான்கைந்து வாய் உண்பதும், படுக்கையை விட்டு எழுமுன்னரே தலைமாட்டில் வைத்த ஒரு கிரீம் கிறாக்கர் பிஸ்கட்டையோ ஒரு பிடி பொரியையோ மெதுவாக மென்றுவிட்டுப் பத்து நிமிஷம் கிடப்பதும் பலருக்குப் பயன்தரும். உணவோடு சேர்த்து நீர் பருகாமல், இடைவேளைகளில் மிடறு மிடறாகப் பருக வேண்டும். இளநீர், தேசிக்காய்த் தண்ணீர், கஞ்சித்தெளி, உப்பிட்ட மோர், ஜீவனிக் கரைசல் ஆகியவற்றில் எது தங்குகிறதோ அதுவே உத்தமமானது. இஞ்சிப் பிளேன்ரீ இலேசான குமட்டலை ஓரளவு தணிக்கும் என்பதை ஆய்வுகளும் ஒப்புகின்றன. கடுமையான வாந்தியை அது நிறுத்தும் என்று எவரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். சூடான உணவைக் காட்டிலும் ஆறிய உணவில் மணம் குறைவாதலால், பழஞ்சோறும் ஆறிய இடியப்பமும் சிலருக்கு ஒத்துக்கொள்ளும். இந்த வாரங்களில் சரிவிகித போஜனத்தைப் பற்றிய உபதேசம் வேண்டவே வேண்டாம். மாங்காயும் உப்பும் மட்டுந்தான் இறங்குகிறதென்றால் அதுவே அன்றைய உணவு. திரிபோஷா தங்காவிட்டால் தாய்மேல் குற்றமில்லை. அவளுக்குச் சத்து ஊட்டுவதற்குப் பின்னர் ஆறு மாதம் இருக்கிறது. சத்தி எடுத்தவுடன் பல் துலக்காமல் வாயைக் கொப்பளிப்பது நல்லது, ஏனெனில் அமிலத்தால் இளகிய பல்லை அப்போது தேய்த்தால் அது தேயும்.

சென்ற வாரம் இரத்தச்சோகையைப் பற்றிப் பேசுகையில் நாம் வற்புறுத்திய இரும்புச்சத்துக் குளிகை, இந்தக் காலத்தில் குமட்டலைப் பெருக்கக்கூடும். ஆகவே அதைத் தாமாக நிறுத்திவிடாமல், கிளினிக்கில் சொல்லி, பன்னிரண்டு வாரம் கழியும் வரை ஒத்திவைக்கலாமா என்று கேட்க வேண்டும். போலிக் அமிலத்தை மட்டும் விடலாகாது.

இவற்றினும் பெரிய உபாயம் வீட்டாரின் கையில் இருக்கிறது. கருவாடு பொரிப்பதும், வெங்காயம் தாளிப்பதும், விறகடுப்புப் புகையும் அவளுக்கு விஷமாக இருக்கும் வாரங்களில், அவளையே குசினிக்குள் அனுப்பிவிட்டு "இஞ்சி குடி" என்று சொல்லும் வீட்டுக்கு எந்த வைத்திய சாஸ்திரமும் உதவ முடியாது. கணவன் கூலி வேலைக்குப் போய், மூத்த பிள்ளையும் மடியில் இருந்து, துணைக்கு எவருமில்லாத பெண்கள் இந்தப் பிரதேசத்தில் அநேகர். அத்தகைய வீட்டுக்கு அயலவர் ஒரு வேளைச் சோறு கொடுத்தனுப்புவது தர்மமல்ல, வைத்தியம்.

இவையெல்லாம் செய்தும் இருபத்துநான்கு மணித்தியாலத்துக்குள் ஒன்றும் தங்காவிட்டால், எட்டு மணித்தியாலமாகச் சிறுநீர் போகாமலோ, பிளேன்ரீ நிறத்தில் கறுத்தோ போனால், எழுந்து நிற்கத் தலைசுற்றினால், வயிற்று நோவோ காய்ச்சலோ சத்தியில் இரத்தமோ கண்டால், அதன்பின் வீட்டில் வைத்திருப்பது தவறு. காய்ச்சல் கூடியிருந்தால் டெங்குவோ சிறுநீர்த் தொற்றோ என்றும், சத்தி மிகக் கடுமையாயிருந்தால் இரட்டைக் கருவோ முத்துப்பிள்ளை என்னும் கோளாறான கர்ப்பமோ என்றும் வைத்தியர் பார்க்க வேண்டும். ஆஸ்பத்திரியில் நாளம் வழியே உப்புநீரும் பொட்டாசியமும் ஏற்றி, மெற்றோகுளோபிறமைட், ஒண்டன்செற்றோன் போன்ற மருந்துகளில் தக்கதைத் தெரிந்து கொடுப்பர். பல நாள் பட்டினி கிடந்தவளாயின், அதனை மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். குளுக்கோஸ் ஏற்றுமுன் தயமின் என்னும் பி1 விற்றமினைக் கொடாவிட்டால், 1881இல் கார்ல் வேர்னிக்கே வருணித்த மூளை வியாதி தோன்றி, பார்வையும் நடையும் நினைவும் பாதிக்கப்படலாம். ஒரு முறை சேலைன் ஏற்றித் திரும்பியவள் மறு வாரமே மீண்டும் போக நேரலாம். அதற்காக எவரும் சலித்துக்கொள்ளலாகாது.

உடையார்கட்டிலிருந்து ஒரு பக்கம் புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரியும் மறுபக்கம் தர்மபுரம் ஆஸ்பத்திரியும் ஏ-35 வீதியிலேயே இருக்கின்றன. வாகனமில்லாதவர் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் நோயாளர் வண்டி காசில்லாமல் வரும். கர்ப்பம் உறுதியான அன்றே குடும்பநல உத்தியோகத்தரிடம் பதிந்து, அவருடைய தொலைபேசி இலக்கத்தையும் இந்த இலக்கத்தையும் குசினிச் சுவரில் எழுதிவையுங்கள்.