புலியேறி வந்த பிரியாவைத் தெரியுமா?

மாமல்லபுரம் கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்துக் குன்றில் ஏறி, மகிஷாசுரமர்த்தினி மண்டபத்துக்குள் போய், வலப்பக்கச் சுவர் முன்னால் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். சிங்கத்தின் மேல் எட்டுக் கைகளோடு ஒரு பெண், வில்லை வளைத்தபடி முன்னே பாய்கிறாள். எதிரே எருமைத் தலையும் மனித உடலுமாக அவளைவிடப் பெரிய உருவம். கையில் தண்டாயுதம் இருக்கிறது, ஆனால் உடம்பு பின்னால் சாய்ந்துவிட்டது, கால் விலகத் தொடங்கிவிட்டது! அசுரன் இன்னும் சாகவில்லை. வெட்டுண்ட தலையை விட்டுவிட்டு, சண்டை திரும்புகிற அந்த ஒரு நொடியைப் பிடித்திருக்கிறார் 7ஆம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பி. காமிக்ஸ் ஓவியர்கள் ஒரு கட்டத்துக்குள் கொண்டுவரப் பாடுபடுவது இதைத்தான். அவர் பாறையில் கொண்டுவந்துவிட்டார், பேச்சுக் குமிழ்கூட இல்லாமல்!

அந்தச் சிங்கத்துக்குத் தங்கை முறையில் 2014 டிசம்பரில் ஒரு புலி பிறந்தது தெரியுமா? ‘பிரியாஸ் சக்தி’ என்ற காமிக்ஸின் முதல் இதழ் அப்போதுதான் வந்தது. உருவாக்கியவர் அமெரிக்கவாழ் இந்தியத் திரைப்படக்காரர் ராம் தேவினேனி. ஓவியம் டான் கோல்ட்மன். 2012 டிசம்பரில் டெல்லியில் ஓடும் பேருந்தில் ஒரு மாணவிக்கு நடந்த கொடுமையை எதிர்த்து ஊரே தெருவில் நின்றபோது தேவினேனியும் அங்கே இருந்தார். ஒரு போலீஸ் அதிகாரியிடம் பேச்சுக் கொடுத்தார். நல்ல பெண் ராத்திரியில் தனியாக வீட்டுக்கு நடந்து போவாளா என்கிற தொனியில் பதில் வந்தது. குற்றம் செய்தவனை விட்டுவிட்டுப் பட்டவளைக் கேள்வி கேட்கிற இந்தப் புத்தியை எந்தச் சட்டத்தால் திருத்துவது? அங்கிருந்து கிளம்பியதுதான் பிரியா.

அவள் கிராமத்துப் பெண். டீச்சர் ஆக ஆசை. அப்பா பள்ளிக்கூடத்தை நிறுத்தி வீட்டு வேலைக்கு உட்கார வைக்கிறார். வளர்ந்தபின் ஊர் ஆண்களால் சிதைக்கப்படுகிறாள். வீட்டுக்கு ஓடி வந்தால் பெற்றவர்களே பழியை அவள் தலையில் போட்டுத் துரத்துகிறார்கள். காட்டில் ஒரு புலி அவளைத் தொடர்கிறது. கைலாயத்தில் பார்வதியின் மனம் கலங்குகிறது, தெய்வங்களுக்குள்ளேயே போர் மூள்கிறது. ஆனால் என்னை உலுக்கியது அந்தப் போர் இல்லை. இத்தனை நாள் பார்த்து ஓடிய புலியைப் பிரியா ஒருநாள் திரும்பி நின்று நேருக்கு நேர் பார்க்கிறாள் பாருங்கள், அந்த இடம்! பயமே வாகனமாகிறது. அந்தப் புலியின் பெயர் சாஹஸ். துணிச்சல் என்று பொருள். அதில் ஏறி எங்கே போகிறாள்? பழிவாங்க இல்லை, துரத்திய அதே ஊருக்கு. வெட்கப்பட வேண்டியவள் நான் இல்லை, வாய் மூடி இருக்காதீர்கள், பெண்ணையும் பையனையும் ஒன்றாகப் படிக்க வையுங்கள் என்று சொல்ல! 2016இல் வந்த அடுத்த இதழ் அமிலவீச்சிலிருந்து மீண்ட பெண்களைப் பற்றியது, 2019இல் வந்தது பெண் கடத்தலைப் பற்றியது.

டீச்சர் வேலை என்றதும் செங்கல்பட்டு ஞாபகம் வருகிறது. 1929 பிப்ரவரி 17, 18 தேதிகளில் அந்த ஊரில்தான் முதல் மாகாண சுயமரியாதை மாநாடு கூடியது, தலைமை டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன். பெண்ணுக்கு ஆணுக்குச் சமமான சொத்துரிமை, விவாகரத்து உரிமை, 16 வயதுக்கு முன் கல்யாணம் கூடாது என்று வரிசையாகத் தீர்மானங்கள். அவற்றோடு, ஆரம்பப் பள்ளி ஆசிரியர் வேலையைப் பெண்களுக்கே கொடுங்கள் என்றும் கேட்டார்கள்! பிரியாவின் ஆசை, அவள் பிறப்பதற்கு 85 வருடம் முன்பே நம்ம ஊர்ப் பந்தலில் தீர்மானமாக நிறைவேறியிருக்கிறது. அதே ஆண்டு வந்த சாரதா சட்டம்கூடப் பெண்ணின் கல்யாண வயதை 14 என்றுதான் வைத்தது. பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம உரிமையோ தமிழ்நாட்டில் 1989இல்தான் சட்டமானது. அறுபது வருடம்! ரயிலில் செங்கல்பட்டைத் தாண்டும்போது ஏரியைப் பார்க்கிறோம், இதை நினைக்கிறோமா?

இன்னொன்று. மாமல்லபுரம் உலகப் பாரம்பரியச் சின்னமான அதே 1984இல்தான் சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸின் முதல் இதழும் வந்தது. பெயரிலேயே சிங்கம். முதல் இதழின் நாயகன் யார்? நாயகன் இல்லை, நாயகி! ‘கத்தி முனையில் மாடஸ்டி’. மாயாவிகளும் துப்பறிவாளர்களும் கோலோச்சிய காலத்தில் ஒரு பெண்ணை முன்னால் நிறுத்திக் கடை திறந்திருக்கிறார்கள்.

அந்த மாடஸ்டி பிளைசி எங்கிருந்து வந்தாள் தெரியுமா? அவளைப் படைத்த பீட்டர் ஓ'டானல் 1942இல் பாரசீகத்தின் வடக்கே ராணுவத்தில் இருந்தார். போரில் வீடிழந்து தன்னந்தனியாக நடந்து வந்த ஒரு சின்னப் பெண்ணை அங்கே பார்த்தார். மரக்கட்டையில் ஆணியைக் கட்டிச் செய்த ஆயுதம் அவள் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. சாப்பாடு கொடுத்தார்கள். சாப்பிட்டாள், ஒரு புன்னகை, நடந்து போய்விட்டாள். இருபத்தொரு வருடம் கழித்து, 1963இல், லண்டன் மாலைப் பத்திரிகை ஒன்றின் படக்கதையில் அவள் வளர்ந்து வந்து நின்றாள். சிவகாசிப் பெட்டிக்கடையில் கயிற்றில் தொங்கிய புத்தகத்துக்குள் ஒரு அகதிச் சிறுமி இருந்திருக்கிறாள்!

காமிக்ஸ் நாயகிகள் என்றால் அமெரிக்காவின் வொண்டர் வுமனையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1942இல் அவள் பெயரில் வந்த முதல் இதழிலேயே, சண்டைக் காட்சிகளுக்கு நடுவே, பிளாரன்ஸ் நைட்டிங்கேலின் வாழ்க்கையைப் படக்கதையாகச் சேர்த்திருந்தார்கள்.

மறுபடி மாமல்லபுரக் கடற்கரைக்கு வருவோம். திரௌபதி ரதத்தின் வாசலைக் காப்பது யார் என்று கவனித்திருக்கிறீர்களா? கூரை வேய்ந்த குடிசை மாதிரி அழகாய் நிற்கும் அந்தக் கொற்றவைக் கோயிலின் இரண்டு பக்கமும் வாயிற்காவலர்கள் பெண்கள்! கொடிக்கால் மண்டபத்திலும் அப்படியே.

பிறகு, அந்த மகிஷாசுரமர்த்தினி மண்டபத்துக்கு இன்னொரு முறை போங்கள். முதல் தடவை எல்லோர் கண்ணும் தேவியிடமும் எருமைத் தலையிடமும்தான் போகும். இப்போது கீழே பாருங்கள். தேவியின் படை முழுக்கக் குள்ளமான பூதகணங்கள். அவர்களுக்கு நடுவே ஒரே ஒரு பெண். தெய்வம் இல்லை, எட்டுக் கை இல்லை, ஏறி வரச் சிங்கமும் இல்லை. இரண்டே கை. ஒன்றில் வாள்.