பட்டறை போய்த் திண்ணை வந்தது

இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய்ந்து 1931-இல் வெளிவந்த விட்லி ஆணைய அறிக்கையில் பீடிப் பட்டறைகளைப் பற்றிய பகுதியை இன்று படித்தாலும் மனம் பதைக்கிறது. வெளிச்சமும் காற்றும் வராத அறைகள். பெரும்பாலும் கழிப்பிடமே கிடையாது. ஐந்து வயதுப் பிள்ளைகள்கூட நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்து வேலை செய்தார்கள். ஒழுங்கான சாப்பாட்டு நேரமோ வார விடுமுறையோ இல்லை. கூலி சில இடங்களில் வெறும் இரண்டணா. சென்னை நகரில் மட்டும் ஆயிரக்கணக்கானோர் இந்தத் தொழிலில் இருந்தனர்.

சட்டம் இல்லாத காலமல்ல அது. 1911-ஆம் ஆண்டு ஆலைச் சட்டம் நெசவாலை ஆண்களின் வேலையைப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் நிறுத்தியது. 1922-இல் வாரத்துக்கு 60 மணி நேரம் என்ற வரம்பு வந்தது. ஆனால் அந்தச் சட்டங்கள் முதன்மையாக இயந்திரம் ஓடும் ஆலைகளைப் பார்த்து எழுதப்பட்டவை. பீடி சுற்ற இயந்திரம் எதற்கு? கத்திரியும் தட்டும் பத்து விரலும் போதும். அதனால் ஆலை ஆய்வாளர் பீடிப் பட்டறையின் படியேற வேண்டிய தேவையே பெரும்பாலும் எழவில்லை.

முன்பணம் வாங்கிப் பிள்ளையின் உழைப்பை அடகு வைக்கும் ஒப்பந்தங்கள் செல்லாது என்று 1933-இல் ஒரு சட்டம் சொன்னது. 1938-ஆம் ஆண்டுக் குழந்தைகள் பணியமர்த்தல் சட்டம், மறு ஆண்டுத் திருத்தத்தால், பன்னிரண்டு வயது நிரம்பாதவர்களைப் பீடிப் பட்டறைகளில் வைக்கக் கூடாது என்றது. கூடவே ஒரு விலக்கையும் வைத்தது: குடும்பத்தாரை மட்டும் துணைக்கு வைத்து நடத்தும் பட்டறைக்கு இது பொருந்தாது. 1986-ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டத்திலும் இதே விலக்கு இருந்தது. ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்குப் பிறகு வந்த அந்தச் சட்டமும் ஓட்டையை அடைக்கவில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

1958-இல் சென்னை மாநிலம் பீடித் தொழிலகங்களுக்கென்றே சட்டம் இயற்றியது. 1966-இல் நாடு முழுமைக்கும் ஒன்று வந்தது. தூய்மை, காற்றோட்டம், குடிநீர், கழிப்பறை, ஐம்பது பெண்களுக்கு மேல் இருந்தால் குழந்தைக் காப்பகம், வாரத்துக்கு 48 மணி நேரம் என எல்லாம் அதில் இருந்தன. முதலாளிகள் கணக்குப் போட்டார்கள். பட்டறையைச் சீர்செய்வதைவிட மூடுவது மலிவாக இருந்தது. பீடி இலையும் புகையிலைத் தூளும் ஒப்பந்தக்காரர் கை வழியாக வீடுகளுக்குப் போயின.

இன்று தென் தமிழகத்தில் முக்கூடல், ஆலங்குளம், பாவூர்சத்திரம் பக்கம் போனால் திண்ணைதோறும் மடியில் தட்டோடு பெண்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். இலையை நனைத்து, அளவுத் தகட்டை வைத்து வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, நூலால் கட்டி, நுனியை மடக்குகிறார்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. ஒப்பந்தக்காரரின் கடையில் கழித்துப்போடும் பீடிக்கு உழைப்பு வீண். கழுத்தும் இடுப்பும் நோகின்றன. புகையிலைத் தூள், சோறு வடிக்கும் அதே அறையில், கைக்குழந்தை தூங்கும் அதே பாயில் படிகிறது.

மாற்றம் எதுவும் நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஐந்து வயதுப் பிள்ளை இன்று பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. கணக்கில் பெயர் ஏறிய பெண்ணுக்குச் சேமநிதி உண்டு. முக்கூடலில் பீடித் தொழிலாளர்களுக்கென மருத்துவமனையே இருக்கிறது. ஆனால் இந்த நல உதவிகளுக்கு ஆதாரமாக இருந்த பீடித் தீர்வை, 2017-இல் சரக்கு சேவை வரி வந்தபோது எடுக்கப்பட்டுவிட்டது.

காற்றோட்டமும் கழிப்பறையும் குழந்தைக் காப்பகமும் கொண்ட பொதுப் பணிக்கூடம் ஊர்தோறும் வேண்டும். அதன் செலவை இலை கொடுத்துப் பீடி வாங்கும் நிறுவனங்கள் ஏற்க வேண்டும். 1966-இல் சட்டம் கேட்டதற்கு மேல் இதில் ஒன்றுமில்லை.