அடுக்குப் படம் பழுதானால்

நம் சங்கத்தின் பழைய குழுப்படத்தைக் கணினியில் ஏற்றி, கறைக்கு ஓர் அடுக்கு, கீறலுக்கு ஓர் அடுக்கு, எல்லாவற்றுக்கும் மேலே பெயர்கள் என்று இரண்டு மாதம் செப்பனிட்டேன். பென் டிரைவில் சேமித்துக்கொண்டிருந்தபோதே அவசரப்பட்டுப் பிடுங்கிவிட்டேன். கோப்பு திறக்கவில்லை. தப்பு என்னுடையதுதான்.

ஃபோட்டோஷாப்பின் பி.எஸ்.டி. கோப்புக்கு ஐந்து பகுதிகள். முதல் 26 பைட்டுகள் முகப்பு; அகலம், உயரம் அதில் இருக்கும். பிறகு நிற விவரம், படக் குறிப்புகள், அடுக்குகள். கடைசியில் எல்லாம் சேர்ந்த ஒரே படம். நடு மூன்றும் தத்தம் நீளத்தை முதலில் சொல்லும். பேரேட்டில் பக்க எண் பிசகின மாதிரி, அந்த நீளம் பிசகினால் மென்பொருள் திகைத்து நின்றுவிடும்.

இணையத்திலுள்ள பழுதுநீக்கும் கருவி, பிசகின இடத்தைத் தாண்டிப்போய், முழுசாய் இருக்கும் அடுக்குகளைப் பொறுக்கித் தருகிறது. எழுதாத கணக்கை அதனாலும் வாசிக்க முடியாது. அடுக்குகள் அடியிலிருந்து மேலாகப் பதிவாகும். ஆகவே முகங்கள் கிடைத்தன, பெயர்கள் போயின.

அன்பர்களே, முதலில் பிரதி எடுத்து, பிரதியையே அனுப்புங்கள். முன்னோட்டம் பார்த்த பிறகு பணம் கட்டுங்கள். குடும்பப் படம் அயலார் கணினிக்குப் போகிறது என்பதையும் யோசியுங்கள்.

பெயர்களைப் பெரியவர்களிடம் மறுபடி கேட்டு எழுதினேன். இரண்டு முகங்களுக்குப் பெயர் சொல்ல இப்போது ஆளில்லை.