முதல் ரோபோ... சக்கரமா, பெல்ட்டா, காலா?

'சிம்போவுக்கு ரோபோ பண்றோம் மச்சி!' என்று முடிவானதும் நாம என்ன செய்வோம்? நேரா ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய் கைக்குக் கிடைச்ச மோட்டாரை அள்ளிட்டு வருவோம். ஒரு நிமிஷம் பாஸ்... உங்க ரோபோ எந்தத் தரையில ஓடப்போகுது? லேப் டைல்ஸில் பறக்கிற வண்டி, காலேஜ் கிரவுண்டில் இறங்கினதும் பத்தடியில் படுத்துடும். மோட்டாருக்கு முன்னாடி முடிவு பண்ண வேண்டியது தரையைத்தான்!

இதுக்குப் பாடம் படிக்க செங்கல்பட்டு மாவட்டம் செய்யூர் பக்கம் ஒரு ரவுண்டு வந்தாலே போதும். வழவழன்னு ஈ.சி.ஆர். தார் ரோடு, மழை பெய்தால் வழுக்கும் உப்பளம், முதலியார்குப்பம் பேக்வாட்டர் ஓரத்துச் சேறு, கடப்பாக்கத்தில் ஆலம்பரைக் கோட்டையின் இடிந்த செங்கல், அதை ஒட்டியே கடற்கரை மணல். இத்தனையிலும் ஒரே ரோபோவை ஓட்டுவது கஷ்டம். அதனால்தான் தரையில் ஓடும் ரோபோக்களில் முக்கியமாக மூன்று வகை.

சக்கர ரோபோ

ஈ.சி.ஆர். மாதிரி தரைக்கு இவர்தான் ஹீரோ. பின்னால் இரண்டு கியர் மோட்டார், முன்னால் எந்தப் பக்கமும் உருளும் ஒரு குட்டிச் சக்கரம். அவ்வளவுதான். இரண்டு மோட்டாரும் ஒரே வேகத்தில் சுற்றினால் நேராகப் போகும். ஒன்று மெதுவானால் அந்தப் பக்கம் திரும்பும். எதிரெதிராகச் சுற்றினால் நின்ற இடத்திலேயே பம்பரம்! ஸ்டீயரிங்கே தேவையில்லை. செலவு கம்மி, பேட்டரியும் ரொம்ப நேரம் தாங்கும்.

மைனஸ்? மணலில் புதையும், உயரமான படியில் முட்டிக்கிட்டு நிற்கும். ஆனாலும் சக்கரத்தைக் குறைவா எடை போடாதீங்க. 2023 ஆகஸ்டில் நிலாவில் இறங்கிய நம்ம பிரக்யான் ரோவருக்கும் சக்கரம்தான். எடை 26 கிலோ, ஆறு சக்கரம், ஒவ்வொன்றுக்கும் தனி மோட்டார். நிலாவின் மண்ணை மாதிரி செய்து ஒத்திகை பார்க்க நாமக்கல் பக்கத்துப் பாறையைப் பொடியாக்கினார்கள் இஸ்ரோ விஞ்ஞானிகள். பார்த்தீங்களா, அவங்களும் முதலில் தேடியது தரையைத்தான்! அப்படியும் வழியில் 4 மீட்டர் அகலப் பள்ளம் ஒன்று வந்தபோது, பிரக்யான் சமர்த்தாக வேறு வழியில் திரும்பிவிட்டது.

பெல்ட் ரோபோ

நனைந்த வயலில் 'டயர் வண்டி வேணாம், பெல்ட் வண்டி கொண்டா' என்று அறுவடை மெஷினுக்குச் சொல்வாங்களே, அதே லாஜிக். ஒரு சின்னக் கணக்கு. உங்க ரோபோ 2 கிலோ. நாலு சக்கரமும் சேர்ந்து தரையைத் தொடுவது 8 சதுர செ.மீ. என்றால், ஒரு சதுர செ.மீ. மேல் 250 கிராம் அழுத்தும். அதுவே 15 செ.மீ. நீளம், 3 செ.மீ. அகலத்தில் இரண்டு பெல்ட் போட்டால் வெறும் 22 கிராம்தான்! அதனால் சேற்றில் லேசில் புதையாது.

இதில் நம்ம ஊர் ஸ்டார், ஆவடியில் இருக்கும் டி.ஆர்.டி.ஓ. ஆய்வுக்கூடம் 2017-ல் காட்டிய 'முந்த்ரா'. ஆளில்லாமல் ஓடும் இந்த பெல்ட் வண்டியில் கண்காணிக்க ஒன்று, கண்ணிவெடி தேட ஒன்று, கதிர்வீச்சு உள்ள இடத்தைச் சோதிக்க ஒன்று என்று மூன்று மாடல்.

மைனஸ்: திரும்பும்போது பெல்ட் தரையைத் தேய்க்கும். மோட்டார் கரன்ட்டைக் குடிக்கும், பேட்டரி சீக்கிரம் காலி.

கால் ரோபோ

ஆலம்பரை செங்கல் குவியலில் ஏறணுமா? அப்போ கால்தான். ஆறு கால் பூச்சி ரோபோ எப்பவும் மூன்று காலைத் தரையில் ஊன்றி, மீதி மூன்றைத் தூக்கி வைக்கும். முக்காலி மாதிரி, விழாது. ஆனால் ஒரு காலுக்கு மூன்று சர்வோ மோட்டார் என்றால் மொத்தம் 18! பர்ஸும் பேட்டரியும் சேர்ந்து அழும். முதல் ரோபோவுக்கு இது வேண்டாமே.

இவ்வளவு தலைவலி எதுக்குன்னு கேட்கிறீங்களா? மனுஷன் இறங்கினால் உயிர் போகும் இடத்தில் மிஷின் இறங்கணும், அதுக்குத்தான். பாதாளச் சாக்கடையில் ஆளை இறக்குவதை 2013-ம் ஆண்டு சட்டமே தடுக்குது. ஆனாலும் விஷவாயுச் சாவுகள் நிற்கவில்லை. கேரள என்ஜினீயரிங் பசங்க ஆரம்பித்த கம்பெனியின் 'பேண்டிகூட்' ரோபோ மேன்ஹோலுக்குள் இறங்கிக் கசடை அள்ளுகிறது. 2019-ல் கும்பகோணத்துக்கும் வந்தது. வழவழ லேப் தரையை மட்டும் மனசில் வைத்திருந்தால் இப்படி ஒரு மிஷின் பிறந்திருக்குமா?

அதனால ஃப்ரெண்ட்ஸ், முதலில் இரண்டு சக்கர ரோபோவில் ஆரம்பிங்க. அடுத்த ரோபோவுக்கு முன்னால், அது ஓடப்போற இடத்தில் செருப்பைக் கழற்றிட்டு ஒரு நடை நடங்க. கால் புதையுதா? பெல்ட். தடுக்குதா? பெரிய சக்கரம், இல்லைன்னா கால். ரெண்டும் இல்லையா? சக்கரமே சரி. அப்புறம் ரிச்சி ஸ்ட்ரீட் கிளம்பலாம்!