திணிக்கத் தெரிந்தவர்

துறைமுகத்தை ஒட்டி வாழ்பவர்களுக்கு ‘ஸ்டீவடோர்’ என்ற சொல் பழக்கம். கப்பலில் சரக்கு ஏற்றி இறக்குபவர் என்று அதற்குப் பொருள் சொல்லிவிடுகிறோம். ஆனால் அந்தச் சொல்லின் வேரில் ஏற்றுவதும் இல்லை, இறக்குவதும் இல்லை. நெருக்கித் திணிப்பதைக் குறிக்கும் ‘ஸ்டிபாரே’ என்ற லத்தீன் வினைதான் மூலம். ஸ்பானிய மொழியில் அது, சரக்கை அடுக்குபவர் என்ற பொருளில் ‘எஸ்டிபடோர்’ ஆனது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க ஆங்கிலத்தில் இடம்பிடித்தது. மலச்சிக்கலைக் குறிக்கும் ‘கான்ஸ்டிபேஷன்’கூட இதே வேரில் முளைத்ததுதான்.

திணிப்பது ஒரு தொழிலா என்று கேட்பவர்கள் 19ஆம் நூற்றாண்டின் நியூ ஆர்லியன்ஸ், கால்வெஸ்டன் துறைமுகங்களை நினைத்துப் பார்க்க வேண்டும். அங்கே கப்பலேறிய முக்கியச் சரக்கு பருத்தி. எடை குறைவு, அடைக்கும் இடமோ அதிகம். எத்தனை பொதி கூடுதலாக நுழைகிறதோ அத்தனை லாபம். அதனால் சரக்கறை நிரம்பிய பிறகும் வேலை முடியாது. லாரி டயர் மாற்றும் ஜாக்கி போன்ற திருகுக் கருவியை உத்தரத்துக்கும் பொதிக்கும் நடுவே வைத்து, குழுவாகச் சேர்ந்து சுழற்றுவார்கள். பொதிகள் நசுங்கி வழிவிடும். அந்த இடைவெளியில் இன்னொரு பொதி போகும். சுழற்றும் கைகள் ஒத்துப்போகப் பாட்டு வேண்டும். நம் ஏற்றப்பாட்டு போலத்தான். அந்தப் பாடல்களில் பல, மாலுமிகளின் கப்பல் பாடல்களோடு கலந்து கடல் கடந்தன.

பலம் மட்டும் இருந்தால் போதாது. கனமான சரக்கு மேலே இருந்தால் கப்பல் கவிழும் அபாயம் உண்டு. முழுக் கனமும் அடியிலேயே சேர்ந்தாலோ கப்பல் வெடுக்வெடுக்கென்று ஆடி, கட்டுகளை அறுத்துவிடும். கடைசித் துறைமுகத்தில் இறங்க வேண்டியது முதலில் உள்ளே போக வேண்டும். தேயிலைக்கு அருகில் தோல் மூட்டை கூடாது, வாடை ஏறிவிடும். இத்தனையும் நினைவில் வைத்து அடுக்குவதற்கு அனுபவம் வேண்டும்.

1956 ஏப்ரல் 26 அன்று ‘ஐடியல் எக்ஸ்’ என்ற கப்பல் 58 பெட்டிகளுடன் அமெரிக்காவின் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. கன்டெய்னர் யுகம் அங்கே தொடங்கியது. அதன்பின் திணிக்கும் வேலையில் பெரும்பகுதி கப்பலை விட்டு இறங்கி, கிடங்குகளுக்குப் போய்விட்டது.

ஆகவே ஸ்டீவடோரைச் சுமைதூக்கி என்று மொழிபெயர்ப்பது பிழை. ‘சரக்கடுக்குநர்’ என்பதே அவருடைய தொழிலுக்குப் பொருந்தும் பெயர்.